சகலையின் சிவப்புப் புள்ளி

வரைபடப் பிரிவுத் தலைவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும்தான். அதற்கு மாத்திரை கிடையாது, காரணம் உண்டு. காரணம், அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவன், வயதில் சின்னவன், எங்கெங்கோ படித்துவிட்டு அவர் வேலை பார்க்கும் அதே மாநகராட்சிக்கு வந்து, ‘செயற்கை நுண்ணறிவு மற்றும் இடவெளித் தரவு மையம்’ என்று ஒரு பலகையை மாட்டினான். பலகை நீளமாக இருந்ததால் அறையும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டியிருந்தது. அப்படி அலுவலகத்தில் இருந்தது ஒரே அறை. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த வரைபடத் தலைவரின் அறை. அவர் மேசையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். மேலே யார் இறங்கினாலும் உச்சந்தலையில் மிதிப்பது போலிருக்கும். சகலை இறங்கும்போது இரண்டு கால் கூடுதலாக இருப்பதாக அவருக்குத் தோன்றும்.

மையத்தின் வேலை, எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும் என்று முன்கூட்டியே சொல்வது. தெருக்களின் மேடு பள்ளம், வடிகால் போகும் வழி, பழைய மழைகளின் கணக்கு, மக்கள் அனுப்பிய புகார்கள் எல்லாவற்றையும் இயந்திரம் விழுங்கிவிட்டு, நகர வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். அந்த மேடு பள்ளத்தை வெயிலில் நின்று அளந்தது வரைபடப் பிரிவு. பெயர் வாங்கியது மையம். அலுவலகமே சகலையை ‘மூளை’ என்று அழைக்கத் தொடங்கியது. அப்படியானால் மற்றவர்கள் எந்த உறுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

மாமனார் வேறு. தலைவர் முப்பது வருடமாக அவருக்குக் குடை பிடிக்காத குறையாக நடந்திருக்கிறார். இப்போது மழை வருமா, மொட்டைமாடியில் துணி காயப்போடலாமா என்று கேட்பதற்குக்கூட மாமனார் சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போன் போடுகிறார்.

ஆணையர் ஒரு பரீட்சை வைத்தார். அடுத்த பெருமழையில் பத்து இடங்களைப் பார்ப்பது. ஏழு இடத்தில் இயந்திரம் சொன்னபடி முழங்கால் தண்ணீர் நின்றால் மையம் நிரந்தரம். இல்லாவிட்டால் பலகையைக் கழற்றி, அறையை வரைபடப் பிரிவுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீரை அளந்து சொல்லும் பொறுப்பு தலைவரின் ஆட்களுக்கு. பத்தாவது புள்ளி அவர் வீட்டு வாசலிலேயே விழுந்திருந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறான் என்று மனைவியிடம் பொருமினார். மழைக்கு வேண்டியவன் வேண்டாதவன் தெரியுமா என்று அவள் கேட்டது காதில் ஏறவில்லை. அந்தப் புள்ளியைத் தானே அளப்பதாக எழுதிக் கொடுத்தார்.

மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்தது. தலைவர் அளவுகோலை வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு, கையில் போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆட்களிடமிருந்து தகவல் வந்தது. சந்தை முனை, முழங்கால். பேருந்து நிலையம், முழங்கால். நூலகத்துப் பின்பக்கம், காய்ந்து கிடக்கிறது. அந்த ஆளை அவர் மனதார வாழ்த்தினார். கடைசியில் ஒன்பது இடம் முடிந்தபோது ஆறு சரி, மூன்று தப்பு.

மிச்சம் அவர் வாசல். தண்ணீர் கணுக்காலைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தது.

“செருப்பையெல்லாம் உள்ள எடுத்து வைங்க. அவர்தான் முன்னாடியே சொன்னாரே, தண்ணி வரும்னு,” என்றாள் மனைவி.

அந்த ‘அவர்தான்’ போதுமானதாக இருந்தது. பனியனும் மடித்துவிட்ட கால்சட்டையுமாகத் தலைவர் தெருவில் இறங்கினார். தெருமுனை வடிகால் எங்கே அடைத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெருவின் வடிகால் வரைபடத்தைப் போட்டவரே அவர்தான். கடப்பாரையால் இரும்பு மூடியை நெம்பிவிட்டு, தோள்வரை கையை விட்டார். பாலிதீன் பை வந்தது, தென்னை மட்டை வந்தது, யாரோ தொலைத்த தலையணை வந்தது. ஒவ்வொன்றையும் சகலையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பதாக நினைத்து இழுத்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வடிகாலையும் தொடாத மனிதர் அன்று மூன்று வடிகாலைச் சுத்தம் செய்தார். தண்ணீர் களகளவென்று இறங்கியது. அளவுகோலில் கணுக்கால்கூட இல்லை.

பத்தில் ஆறு. மூளை தோற்றது.

திங்கட்கிழமை கூட்டத்துக்குத் தலைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஜன்னலுக்கு எந்த நிறத் திரை என்பதுவரை முடிவாகியிருந்தது. ஆனால் ஆணையர் தன் போனை மேசை நடுவே வைத்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது: கொட்டும் மழையில், சேற்றுக்குள் பாதி உடம்பாக, தலைவர்.

“இதுக்குத்தாங்க சார் இந்த மையமே,” சகலை எழுந்து குழைந்தான். “மிஷின் புள்ளி வெச்சுது. அண்ணன் அதை நம்பி இறங்கினாரு. தண்ணி நிக்கலைன்னா அது மிஷினோட தப்பில்லைங்க, எச்சரிக்கை வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

தலைவர் வாயைத் திறந்தார். ஆணையர் முந்திக்கொண்டார்.

“நீங்களே சொல்லுங்க. மிஷின் சொன்னதாலதான இறங்கினீங்க?”

இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பிறகு எதற்காக இறங்கினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சபையில் சொல்ல முடியாது, தனியாகவும் சொல்ல முடியாது. எதிரே சகலை அண்ணன்மேல் உருகி வழியும் முகத்தோடு நின்றான்.

“ஆமாங்க,” என்றார். “மிஷின் சொல்லித்தான்.”

கைதட்டினார்கள். மையம் நிரந்தரமானது. கூடவே, சிவப்புப் புள்ளி விழும் இடங்களில் அடைப்பெடுக்கும் புதிய பொறுப்பும் உருவானது. அதற்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை என்று முன்மொழிந்தது சகலை.

படிக்கு அடியில் வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. மாமனார். பல மாதத்துக்குப் பிறகு அவராகவே கூப்பிடுகிறார். தலைவர் அவசரமாக எடுத்தார்.

“மாப்ள, படம் பார்த்தேன். பெருமையா இருக்கு,” என்றார் மாமனார். “சின்ன மாப்ள மிஷினு உங்களையே வேலை செய்ய வெச்சிருச்சே.”

மேலே யாரோ உற்சாகமாகப் படியிறங்கும் சத்தம் கேட்டது.