இருவர் மேசை

அண்ணியின் கண்ணுக்கு ஸ்பிரிங் தெரியவில்லை என்பதைக் கம்பெனிக்காரர்கள் இன்னும் எத்தனை நாளில் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடித்துத் தொலைக்கட்டும் என்று ஒரு நொடி ஏன் தோன்றியது எனக்கு?

இப்படி நினைத்தபடியே அவள் இடுக்கியால் ஸ்பிரிங்கை எடுத்துச் சுவிட்சின் குழியில் வைத்தாள். எறும்பு நீளம்தான் இருக்கும். தன் தட்டு, அண்ணியின் தட்டு இரண்டுக்கும் அவளே வைத்தாள். பக்கத்து ஸ்டூலில் அண்ணி, இரண்டு தட்டுகளுக்கும் மூடி போட்டுத் திருகாணியை முடுக்கினாள். பழைய மாடல் ஓடியவரை அந்த வரிசையிலேயே வேகமான கை அண்ணியுடையதுதான். நான்கு மாதத்துக்கு முன் கம்பெனி சின்ன சுவிட்சுக்கு மாறியது. சர்க்கரை நோய் கெடுத்த அண்ணியின் கண் எந்தக் கண்ணாடிக்கும் அடங்கவில்லை. யாரிடமும் கேட்காமல் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மேசைக்கான அன்றாட எண்ணிக்கை ஒருநாளும் குறையவில்லை.

"இந்த ஸ்பிரிங் உங்கம்மா மனசைவிடச் சின்னதா இருக்குடி."

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் பாருங்க."

"சொல்லு. அவங்களுக்குக் காது கேக்காது, எனக்குக் கண்ணு தெரியாது. ஜோடிப் பொருத்தம்."

சூப்பர்வைசர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"காலத்துக்குத் தகுந்தமாதிரி கம்பெனி மாறுதும்மா. அடுத்த வாரத்துலருந்து ஆளுக்கு ஆள் தனி எண்ணிக்கை. மேசைக்கு நடுவுல தடுப்பு வந்துரும். தனியா ஓட்ட முடியாதவங்களை நிறுத்திருவாங்க. உங்களை லைன் லீடராப் போடச் சொல்லி எழுதியிருக்கேன்."

அவர் ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க அண்ணியால ஸ்பிரிங் வைக்க முடியாதுன்னு இதுல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எனக்குத் தெரிஞ்சதுதான். நீங்க சொன்னதா இருந்தா மேலருந்து கேள்வி வராது."

தாளில் அண்ணியின் பெயர் அச்சாகியிருந்தது. 'மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் திறன்' என்ற கட்டம் காலியாக இருந்தது. லீடர் என்றால் எழுந்து நடக்கலாம். கழுத்து இப்படித் தெறிக்காது. அந்த ஆசை வெட்கமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி அண்ணிதான் அந்தக் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான் சார்."

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"நீங்க எழுதலைன்னாலும் தடுப்பு வரும்மா." அவர் மென்மையாகத்தான் சொன்னார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அண்ணி குனிந்தபடியே கேட்டாள். "என்னடி, பெரிய பதவியா? இனிமே உன்னை மேடம்னு கூப்பிடணுமா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தட்டை இப்படித் தள்ளுங்க."

மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் தடுப்புக்கு அளவெடுக்க ஃபிட்டர் அளவு நாடாவோடு வந்துவிட்டார். மேசையின் மறுபக்கத்திலிருந்து நடுவாகப் பென்சில் கோடு இழுத்துக்கொண்டு வந்தார். கோடு அவள் முழங்கையில் முட்டி நின்றது.

"கையைக் கொஞ்சம் எடுத்துக்கம்மா. இன்னும் அரையடிதான்."

அவள் இடுக்கியை நீட்டி, அண்ணியின் தட்டில் அடுத்த ஸ்பிரிங்கை வைத்தாள். முழங்கையை எடுக்கவில்லை.