நடராசன் வாசலில் சங்கத்து உப்பு

உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் ஆபீசில் ஒரு சிவப்பு போன் இருந்தது. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு வெளியூர் வியாபாரிகள் கூப்பிடுவார்கள், தரகர் நடுவில் நிற்க மாட்டார் என்று சொல்லி, அதற்கென்றே தனி லைன் எடுத்து 2006 பொங்கலுக்கு வைத்த போன். இப்போது ஆனி பிறந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அது ரசீதுக் கட்டு பறக்காமல் அழுத்திப் பிடித்தது. ஒரு பல்லிக்கு நிழல் கொடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்துக்கொண்டது. அடிக்க மட்டும் இல்லை.

அடிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். வாரம் ஒரு முறை வினோதினி எதிரே இருக்கும் பூத்தில் ஒரு ரூபாய் போட்டு, லைன் உயிரோடு இருக்கிறதா என்று அடித்துப் பார்ப்பாள். செயலாளர் சகாதேவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து எடுத்து, "அலோ, சங்கம்! சொல்லுங்க, எவ்ளோ டன்னு?" என்பார். அந்தக் குரலில் இருக்கும் ஆசையைக் கேட்டதும் அவளுக்குப் பேச வாய் வராது. மெதுவாக வைத்துவிடுவாள்.

வெப்சைட் அவள் செய்தது. திண்டிவனத்தில் பி.காம்., புதுச்சேரியில் மூன்று மாத வெப் டிசைனிங், லேமினேஷன் செய்த சான்றிதழ் ஒன்று. இவ்வளவு தகுதியோடு பக்கத்தின் அடியில் 'வெப் மாஸ்டர்: வினோதினி' என்று தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். இடது பக்கம் மெனு, வலது பக்கம் விஷயம், மேலே ஓடும் எழுத்து, கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண், நடுவில் உப்புக் குவியலின் படம். படத்தின் மூலையில் சகாதேவனின் இடது கால் செருப்பு தெரியும். எடுக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது கேமராவைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

அந்த எண் மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போனது. ஆயிரத்தைத் தாண்டியபோது அவள் போர்டு உறுப்பினர் அர்ச்சுனனிடம் பெருமையாகக் காட்டினாள்.

"ஆயிரம் பேர் பாத்தாங்களா? ஒருத்தனுக்குக் கூட வெரலு இல்லியா, நம்பர் அமுக்க?" என்றார் அர்ச்சுனன். "அத்தினியும் நீயே தொறந்து தொறந்து பாத்ததும்மா."

அவருக்கு நாலு பாத்தி உப்பளம் சொந்தம், நாற்பது பாத்திக்குப் போதுமான வாய். வெள்ளிக்கிழமை பொதுக்குழுவுக்கு அவர் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் அந்த போன் அடிக்காவிட்டால் வெப்சைட்டை மூட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலையையும் எடுத்துவிட வேண்டும். தற்காலிக வேலை என்றால் வினோதினிதான். அது போனால் கல்லூரி விடுமுறைகளில் செய்த வேலைக்கே திரும்ப வேண்டும். வெயிலில் உப்பு வாரும் வேலை. அங்கே சான்றிதழை லேமினேஷன் செய்ததில் ஒரு லாபம் உண்டு, உப்பு அரிக்காது.

செவ்வாய்க்கிழமை ராணிப்பேட்டையிலிருந்து தோல் பதனிடும் கம்பெனிக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து நின்றார். நல்ல கோபத்தில் இருந்தார்.

"இன்னாங்க, சங்கத்து வெலைன்னு போட்டுட்டு, போன் பண்ணா அதுக்கு மேல வெல சொல்றீங்க?"

"எங்களுக்கு யாருமே போன் பண்ணலீங்களே!" என்றாள் வினோதினி. அதைச் சொல்லும்போதே அழுகை வந்தது.

அவர் பையிலிருந்து ஒரு பிரின்ட் அவுட்டை எடுத்து நீட்டினார். நடுவில் அவளுடைய பக்கம். அதே உப்புக் குவியல், அதே செருப்பு. ஆனால் உச்சியில், அவள் போடாத பச்சைப் பட்டையில், 'நடராசன் டிரேடர்ஸ், உப்புக்கு அணுகவும்' என்று ஒரு செல் நம்பர். சங்கத்தின் நம்பர் இருந்த ஓரம் உள்ளே அடங்காமல் வெட்டுப்பட்டிருந்தது.

அவர் போன பிறகு அவள் பிரின்ட் அவுட்டின் அடியில் இருந்த முகவரியைத் தட்டிப் பார்த்தாள். மோடம் கத்தி முடித்து, பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. தரகர் நடராசன் எதையும் திருடவில்லை, காப்பி கூட அடிக்கவில்லை. தன் பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார், அவ்வளவுதான். அதை ஃப்ரேம் என்பார்கள். ஜன்னலுக்கு உள்ளே தெரிவது நிஜமாகவே சங்கத்தின் பக்கம். இவள் காலையில் விலையை மாற்றினால் அங்கேயும் மாறும். வருகிறவன் நிற்பது நடராசன் வாசலில், பார்ப்பது சங்கத்து உப்பை, அடிப்பது நடராசன் நம்பரை. இவள் பக்கத்தின் அடியில் அந்த எண்ணை ஏற்றியதெல்லாம் அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள்.

சகாதேவன் நடராசனையே கூப்பிட்டுக் கேட்டார். வைத்தபோது முகம் தொங்கிவிட்டது.

"இன்னா சார் சொல்றாரு?"

"'உங்க சைட்டுக்கு நானும் வெளம்பரந்தான சார் பண்றேன்'ங்கறான். அவன்கிட்ட கடுமையா பேசவும் முடியலம்மா. சுனாமி அலை வந்த வருஷம் சேறும் உப்புமா கெடந்ததை எவனும் தொடல. அவன்தான் லாரி எடுத்தாந்தான்."

அதுவும் உண்மைதான். அதனால்தான் கோபம் முழுசாக வர மாட்டேன் என்றது.

புதன்கிழமை காலை அவள் நெட்டில் தேடி வழி கண்டுபிடித்தாள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். ஒருவர் ஒரே ஒரு வரி மருந்து எழுதியிருந்தார். பக்கம் திறக்கும்போது அந்த வரி பிரௌசரைக் கேட்கும்: 'நான் வெளியே நிற்கிறேனா, இன்னொருத்தன் ஜன்னலுக்குள் இருக்கிறேனா?' ஜன்னலுக்குள் என்றால் உடைத்துக்கொண்டு வெளியே குதித்து முழுத் திரையையும் பிடித்துக்கொள்ளும். எல்லாப் பக்கத்திலும் ஒட்டுங்கள் என்று வேறு சொல்லியிருந்தார். வினோதினி சொன்ன பேச்சைக் கேட்கிறவள். பதினோரு பக்கத்திலும் ஒட்டினாள்.

அவள் மறந்தது ஒன்றுதான். அவளுடைய வெப்சைட்டே இரண்டு ஜன்னல் வைத்துக் கட்டியது. மெனுவுக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று.

சகாதேவன் திறந்தார். மெனு தன்னை யாரோ பிடித்து வைத்திருப்பதாக நினைத்து, உடைத்துக்கொண்டு குதித்து, திரை முழுக்க உட்கார்ந்துகொண்டது. மறுபடி திறந்தார். இந்த முறை விலைப் பட்டியல் முந்திக்கொண்டு குதித்தது, மெனுவைக் காணோம்.

"இன்னா வினோதினி, நம்ம வூட்ட நாமளே இடிச்சிக்கறோமா?"

"ஒரு நிமிஷம் சார்."

"வயித்துப்போக்கு வந்தவன் மாதிரி ஓடுதே!"

பதினோரு பக்கத்திலிருந்தும் அந்த வரியைப் பிடுங்கி எடுக்க மத்தியானம் ஆனது. பிறகு, சங்கத்தின் நம்பரோடு ஒரு குட்டி ஜன்னல் தானாக எழும்புகிற மாதிரி செய்து பார்த்தாள். அதைப் பிரௌசரே தடுத்து, மேலே மஞ்சள் பட்டை ஒன்றைக் காட்டியது. கண்ட விளம்பரமும் எகிறி வராமல் இருக்கப் புதிதாக வைத்த காவல் அது. நல்ல காவல்தான், ஆனால் உள்ளே விட வேண்டியவளையும் நிறுத்தி விசாரித்தது. மஞ்சளைப் பார்த்ததும் சகாதேவன், "வைரஸ்!" என்று மானிட்டரை அணைத்தார்.

"கேட்டுக்கோ. இனிமே எதுவும் குதிக்கக் கூடாது, எதுவும் எகிறக் கூடாது. சொல்லிட்டேன்."

சாயங்காலம் அவள் உப்பளத்துப் பக்கம் நடந்தாள். பொன்னி குவியலின் மேல் முத்திரைப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தாள். குவியலைத் தட்டிச் சமமாக்கி, சங்கத்தின் குறி வெட்டிய பலகையை அங்கங்கே பதித்துவிட்டுப் போவது வழக்கம். மறுநாள் குறி கலைந்திருந்தால் எவனோ கை வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். பொன்னியும் வினோதினியும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு.

வினோதினி முழுக்கதையையும் சொன்னாள். பொன்னி பலகையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இர்றி. அவன் வாசல்ல தெரியறது, நீ இங்க எழுதறதுதான?"

"ஆமா."

"நீ மாத்தினா அங்கியும் மாறிடும்?"

"ஆமாடி, அதான் சொல்றேன்."

"அப்ப அவன் வூட்டு செவுத்துல எழுதற சாக்குக்கட்டி உன் கையில இருக்குது. அத வச்சிகினு நீ இங்க வந்து அழுவுற. மூணு மாசம் படிச்சியே, இதான் படிச்சியா?" என்று சொல்லி, பலகையை அடுத்த குவியலில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

வினோதினி அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலை உடைக்க வேண்டியதில்லை. அதே கேள்வியைப் பதினோரு பக்கத்திலும் அல்ல, வெளிவாசலான முதல் பக்கத்தில் மட்டும் கேட்டால் போதும். தன் வாசலில் திறந்தால் எப்போதும்போல உப்பு. வேறு யார் வாசலிலாவது திறந்தால் உப்புக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு. எதுவும் குதிக்காது. சகாதேவன் சார் உடம்புக்கும் நல்லது.

வியாழக்கிழமை முழுக்க அறிவிப்பின் வாசகம்தான். முதலில் எழுதியதில் 'மோசடி' இரண்டு முறை, 'போலீஸ்' ஒரு முறை வந்தது. படித்துப் பார்த்தாள். சேற்று உப்பை ஏற்றிக்கொண்டு போன லாரி ஞாபகம் வந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்:

'வணக்கம். நீங்கள் இப்போது நடராசன் அண்ணன் வாசலில் நிற்கிறீர்கள். அவர் நல்ல மனிதர். ஆனால் உப்பு எங்களுடையது. விலை கேட்க உள்ளே வாருங்கள்.'

கீழே சங்கத்தின் நம்பர், பெரிதாக, நட்ட நடுவில். வெளியூர்க் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் முழுவதையும் அந்த உப்புக் குவியல் மேலேயே எழுதிப் படமாகச் செய்தாள். மூலையில் செருப்பையும் விட்டுவைத்தாள், அடையாளத்துக்கு. சைட்டில் ஏற்றப் போகும்போது கரண்ட் போனது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் ஏற்ற முடிந்தது.

பொதுக்குழு பத்தரைக்கு. கடல்காற்று ஆபீஸ் ஷெட்டுக்குள் புகுந்து ஆண்டறிக்கைக் கட்டைப் புரட்டியதால், சகாதேவன் காலையிலேயே வழக்கம்போல சிவப்பு போனைத் தூக்கி அதன் மேல் வைத்திருந்தார். நாற்பது பேர், நாற்பது டீ. அர்ச்சுனன் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார், சாட்சிக்கு.

"எட்டு மணியிலேர்ந்து பாக்கறேன், மூச்சு வுடல. தீர்மானத்த எடுத்துக்கலாமா?"

"அப்படிச் சொல்லாதப்பா," என்றார் சகாதேவன். "வாரத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா அடிக்குது. எடுத்தா யாரும் பேச மாட்டேங்கறாங்க. கூச்ச சுபாவம் போலருக்குது."

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். எட்டிலிருந்து பத்தரை வரை ஒருவர்கூடவா பார்த்திருக்க மாட்டார்? வரி தப்பாகிவிட்டதா? அவளே இரண்டு முறை சோதித்தாளே. கை தூக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. கண்ணீர் வருவதற்குள் வேறு எதையாவது பார்க்கலாம் என்று போனைப் பார்த்தாள்.

ஆண்டறிக்கைக் கட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போனும் சாய்ந்திருந்தது. ரிசீவர் தன் இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் நழுவிக் கிடந்தது.

அவள் எழுந்து போய் அதை நேராக வைத்தாள். கையை எடுப்பதற்குள் அடித்தது.

பக்கத்தில் இருந்ததால் அர்ச்சுனன் எடுத்தார். எடுத்த வேகத்தில் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நடராசனின் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது.

"யாருய்யா அங்க? எவ்ளோ நேரமா அடிக்கறேன், எப்ப பாத்தாலும் எங்கேஜு! என் வெப்சைட்ல இன்னாய்யா எழுதி வச்சிருக்கீங்க? தெனம் பத்துப் பன்னெண்டு பேரு கூப்புடுவான், காலையிலேர்ந்து ஒருத்தன் பேசல! இப்ப ஒருத்தன் பண்றான், இன்னான்னு கேளு! 'அண்ணே, சங்கத்து லைன் கெடைக்கல, கொஞ்சம் ட்ரை பண்ணி சொல்றீங்களா'ன்னு என்னியே கேக்கறான்!"

தினம் பத்துப் பன்னிரண்டு பேர். அர்ச்சுனனின் உதடு மெதுவாகக் கணக்குப் போட்டது.

"பொங்கல்லேர்ந்தா?" என்றார்.

"மாசியிலேர்ந்து! அத்த வுடு. அந்த நோட்டீச எடுக்கச் சொல்லு."

"நீ மொதல்ல உன் பட்டைய எடுப்பா," என்றார் அர்ச்சுனன். சொல்லிவிட்டு, தான் யார் பக்கம் பேசுகிறோம் என்று தனக்கே சந்தேகம் வந்தவர்போல வினோதினியைப் பார்த்தார். "எடுத்தா நாமும் எடுத்துடலாமாம்மா?"

"தானாவே போயிடும் சார். அவர் ஜன்னலை எடுத்தா நோட்டீஸ் தெரிய எடமே இருக்காது."

நடராசனின் குரல் இறங்கியது. "நல்லவன்னு வேற போட்டிருக்குது தங்கச்சி. ஊரெல்லாம் படிச்சிட்டு, எவனும் என்னத் திட்டக்கூட மாட்டேங்கறான்."

"லாரி எடுத்தாந்தீங்களேண்ணே," என்றாள் அவள் போனுக்குக் குனிந்து.

"சரி சரி, எடுத்துடறேன்," என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு மறுபடி அடித்தது. சகாதேவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார், ஆனால் அர்ச்சுனன் ரிசீவரைக் கொடுப்பதாக இல்லை. கைதூக்கச் சொன்ன தீர்மானத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் டன் கணக்கை எழுத ஆரம்பித்திருந்தார். தீர்மானம் என்ன ஆயிற்று என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். "சும்மா இருய்யா, லைன்ல பேசறாங்க," என்று கையமர்த்தினார்.

பிறகு போனுக்குள், சங்கத்தையே தான்தான் கட்டி எழுப்பியதுபோன்ற குரலில்:

"செருப்பு தெரியுதே, அந்தக் குவியலுங்களா? அதேதாங்க. எவ்ளோ டன்னு வேணும், சொல்லுங்க."