கோலத்துக்கும் சால்வைக்கும் நடுவே

"எல்லாம் இன்ட்ராநெட்ல இருக்கும்மா. தேடிப் பாரு" என்றார் மனிதவள மேலாளர் விஜயராகவன், தலையை நிமிர்த்தாமலே.

அலுவலகத்தின் அந்த உள் இணையதளத்தில் தாமரைச்செல்வி தேடினாள். மூலக்குளத்தில் இருக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு மேற்பார்வையாளன் தேவதாஸ். வேலை சொல்லித் தருகிற சாக்கில் தோளில் கை வைப்பான், தட்டிவிட்டால் சிரிப்பான். பெண்களுக்கென்று விசாரணைக் குழு ஒன்று இருக்கிறதாம். மூன்று மாதத்துக்குள் அதில் புகார் கொடுத்துவிட வேண்டுமாம். குழுவில் யார், எந்த எண் என்பதுதான் தெரியவில்லை. 'புகார்' என்று தட்டினால் லிஃப்ட் புகார் வந்தது, ஏசி புகார் வந்தது, கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது. 'பாதுகாப்பு' என்றால் தீயணைப்புக் கருவி. கெடு முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

கடைசியில் அந்தக் குழுவின் விவரம் பக்கத்து இருக்கைக் கார்குழலியின் கண்ணில் பட்டது. மறுநாள் மகளிர் தினம். போன வருடம் பரிசு வாங்கிய தன் கோலத்தை அவள் தேடிக்கொண்டிருந்தாள். விழாக்கள், மகளிர் தினம், புகைப்படங்கள் என்று உள்ளே போனால், அவளுடைய கோலத்துக்கும் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய சால்வைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது விசாரணைக் குழு. அதே நாளில் ஏற்றினார்களாம், அதனால் அதே இடமாம். என்ன புத்தி பாருங்கள்.

தாமரைச்செல்வி அப்போதே புகாரை அனுப்பினாள். பிறகு விஜயராகவனிடம் போய், "இத மொதப் பக்கத்துல போடுங்க சார்" என்றாள்.

"அததுக்கு ஒரு எடம் இருக்கும்மா. மொதப் பக்கத்துல சேர்மனோட வாழ்த்து இருக்கு."

"சரி சார். நானே ஒரு எடம் பாத்துக்கறேன்."

மறுநாள் கோலப்போட்டி. மற்றவர்கள் முற்றத்தில் மயிலும் அன்னமும் வரைந்தார்கள். தாமரைச்செல்வி அலுவலக வாசலை அடைத்துக் கொட்டை எழுத்தில் போட்டாள்: 'தொந்தரவா? இங்கே புகார் சொல்லுங்கள்.' கீழே குழுத் தலைவி நிர்மலாவின் பெயர், தொலைபேசி எண். சுற்றிலும் செம்மண் கரை.

விஜயராகவன் ஓடி வந்தார். "அழிச்சிட்டு வேற போடும்மா."

"அழிக்க மாட்டேன் சார். நீங்க போட்டோ எடுத்து எங்க வேணா போட்டுக்குங்க. இங்க யாரும் தேட வேணாம்."

கார்குழலி தன் மயிலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள்.

அப்போதுதான் தேவதாஸ் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். கோலத்தை மிதிக்காமல் உள்ளே போக வழியில்லை. ஒருத்தியும் விலகவில்லை. அவன் குனிந்து படித்தான்.

"அந்த நம்பர நல்லா பாத்து வச்சிக்குங்க சார்" என்றாள் தாமரைச்செல்வி. "அதுலேர்ந்துதான் உங்கள கூப்புடுவாங்க."