உடைந்தது அல்லது காணவில்லை

1

ஓசூர் டீக்கடையில் ஒரு பழைய லாரி டிரைவர் சொன்ன ஒரு வரிதான் இந்தக் கதைக்கு முதல்: "ஆசிட் ஜாடி எப்படிப் போனாலும் 'உடைஞ்சது'ன்னுதான் எழுதுவோம். 'காணல'ன்னு எழுதினா தொலைஞ்சோம்." ஏன் என்று நான் கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

1956, தை மாதம். ராயக்கோட்டை மலைமேல் இளவெயில் பொன்னாக உருகி

வேண்டாம். சென்றாயனுக்கு அன்று மலையைப் பார்க்க நேரமில்லை. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ஆசிட் ஏற்றிவந்தவன், ராயக்கோட்டை லாரி ஆபீஸ் வாசலில் கயிற்றைச் சரிபார்க்க ஏறினான். மூங்கில் கூடையில் வைக்கோல் பொதிந்த கண்ணாடி ஜாடிகள், ஏற்றும்போது பன்னிரண்டு. இப்போது பதினொன்று.

குமாஸ்தா வெங்கடப்பன் விபத்துப் படிவத்தை நீட்டினார். "'உடைஞ்சது'ன்னு எழுதுப்பா. 'காணல'ன்னா அந்த ஜாடியில சாராயம் கடத்தி வித்துட்டேன்னு போலீஸ் உன்னைத்தான் புடிக்கும்."

"யாராச்சும் எடுத்துக் குடிச்சிட்டா?"

"உடைஞ்சதை யாரு குடிக்கறது?"

(இந்த வெங்கடப்பனை நல்லவராக்க எவ்வளவோ முயன்றேன். வழிக்கு வரவில்லை.)

3

சென்றாயன் லாரியைத் திருப்பினான். உத்தனப்பள்ளிக்கு வெளியே, மேட்டில், சாலையோரம் வைக்கோல் சிதறிக்கிடந்தது. கண்ணாடிச் சில்லு ஒன்றுகூட இல்லை, மண் கருகவில்லை. கூடை உழுத நிலத்தில் மெத்தென்று விழுந்திருக்கிறது. இரண்டு பேர் அதைத் தூக்கிப்போன கால்தடம் ஊர்ப்பக்கம் போனது.

(மதுவிலக்குக் காலம் இது. திருட்டுச் சாராயம் மைசூர்ப் பக்கமிருந்துதான் வரும். அந்தப் பக்கத்து லாரியிலிருந்து ஜாடி விழுந்தால் எல்லையோரத்து ஊர்களில் யாரும் உள்ளே என்னவென்று யோசிப்பதில்லை, சாராயம்தான். ஒளித்துவைப்பார்கள், கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.)

களத்தில் நாலைந்து பேர் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற சென்னம்மாவைக் கேட்டான்.

"நாங்க எதையும் பாக்கலீங்கண்ணா."

"அது சாராயம் இல்லம்மா, ஆசிட்டு. வாயில வெச்சா குடல் வெந்துடும்."

"போலீசுகூட இப்பிடித்தான் சொல்லுது. நம்பிக் குடுத்தா கையப் புடிச்சி இழுத்துட்டுப் போவுது."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

4

ஒரு முடிவு: சென்றாயன் 'உடைந்தது' என்று எழுதிவிட்டுச் சேலம் போகிறான். சாயங்காலம் உத்தனப்பள்ளியில் ஒரு வீட்டில்

அடித்துவிட்டேன். ஒருவனைத் துடிக்கவிட்டுக் கதையை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று: கிராம முன்சீப்பிடம் சொல்கிறான், ஊரில் தண்டோரா போடுகிறார்கள். இது அதைவிட மோசம். போலீஸ் வருகிறது என்று கேள்விப்பட்டால் எடுத்தவர்கள் இருப்பதை அவசரமாகக் குடித்துத் தீர்ப்பார்கள்.

5

இதற்குமேல் அவன் என்னைக் கேட்கவில்லை. லாரியிலிருந்து இன்னொரு ஜாடியைக் கூடையோடு களத்துக்கு மெல்ல இழுத்துவந்தான். அரக்கு முத்திரையை உடைத்தான். முத்திரையில் கைவைத்த டிரைவருக்கு வேலை கிடையாது, அது அவனுக்குத் தெரியும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கல்மேல் போட்டு, ஜாடியைக் கொஞ்சம் சாய்த்தான். வெள்ளைத் துணி எல்லோர் கண்ணெதிரிலும் கருத்தது. குச்சியால் தூக்கினான், பிய்ந்து விழுந்தது.

"யாரு எடுத்தீங்கன்னு கேக்கல. கொண்டாந்து இங்க வெச்சிட்டுப் போயிடுங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்."

சொன்னபடியே ஊருக்கு முதுகைக் காட்டி நின்றான்.

6

எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அதனாலேயே முடிவை எழுதப் பயமாக இருக்கிறது. ஜாடி திரும்பி வந்தது என்று நான் எழுதினால் அது வெறும் என் தயவு.

ஆகவே அது உங்கள் வீட்டு வைக்கோல் போருக்குள் இருக்கிறது. கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தவர் நீங்கள். துண்டு கருகியதைக் களத்தில் நின்று பார்த்தவரும் நீங்கள். மறுபக்கம் பிடித்தவர் அதைப் பார்க்கவில்லை, வீட்டில் தம்ளர் தேடிக்கொண்டிருக்கிறார். ஓடுங்கள்.