உப்பு போடாத ஈடு

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டியபோது, நன்றாகப் பொங்கிய மாவு மாதிரி இருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அது என் ஈரல்.

"முழுக்கக் கொழுப்பு," என்றார். "இதுல பாதியை வெட்டி உங்க அக்காவுக்கு வச்சா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. பன்னெண்டு வாரம் தர்றேன். பன்னெண்டு கிலோ குறைங்க. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு எல்லாத்தையும் விட்டுடுங்க. மறுபடி ஸ்கேன் எடுப்போம். அதுக்கு மேல அவங்களால காத்திருக்க முடியாது."

பிறகு என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பேக்கரி மாஸ்டர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான். அவள் தையல்காரி. மாடி ஜன்னலோரம் மெஷினைப் போட்டு ஊருக்கே உடுப்புத் தைத்தவள். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. எங்கிருந்தோ வந்த ஒரு வியாதி அவள் ஈரலைத் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. கை கால் குச்சியாகிவிட்டன, வயிற்றில் மட்டும் நீர் கட்டியது. அதனால் அவளுக்கு உப்பு கூடாது. இப்போது எனக்கு மாவு கூடாது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தட்டை ஒருவர் பார்த்து வயிறெரிந்தோம்.

"மாவு மூட்டையைத் தூக்கி எனக்குள்ள வைக்கப் போறாங்களாம்," என்பாள். "அப்புறம் காலையில எந்திரிச்சா நான் உப்பிக்கிட்டு கிடப்பேன், நீ வந்து அடுப்புல தள்ளு."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றுவாள். எடை மெஷினை அவள் நம்பமாட்டாள், நாடாதான் அவளுக்கு வேதவாக்கு. முதல் வாரம் நாற்பத்து நான்கு அங்குலம். சுவர் காலண்டரில் குறித்துவிட்டு, அதே நாடாவைத் தன் வயிற்றிலும் சுற்றிப் பார்ப்பாள். முப்பத்தாறு. அதையும் பக்கத்தில் எழுதுவாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது, பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன்.

காலையில் முட்டை. மதியம் மீனும் கீரையும். பசித்தால் ஒரு கைப்பிடி கடலை, கொஞ்சம் தயிர். வாயைக் கட்டுவது என்றால் என்னவென்று அந்த வாரங்களில்தான் தெரிந்துகொண்டேன். தலை இலேசாகி, பாதி மிதந்துகொண்டே வேலை பார்த்தேன். பேக்கரிக் கூடத்தின் உயரமான ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும், அதில் மாவுத்தூள் பறக்கும். முன்பெல்லாம் அது எனக்குத் தும்மல் மட்டும்தான். இப்போது அதைப் பார்த்தபடியே நின்றுவிடுவேன். அடுப்படி அண்ணன் என் முதுகில் தட்டி, "மாஸ்டர், இறங்கி வாங்க," என்பார்.

மதியத் தூக்கத்தில் கனவுகள் வந்தன. ஒன்றில் ரொட்டிகள் தட்டிலிருந்து எழுந்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே போயின, எனக்குக் கோபமே வரவில்லை. இன்னொன்றில் அக்கா என்னை மடியில் போட்டு, விலாவோரத் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சைக் கொத்துக் கொத்தாக எடுத்து வெளியே போட்டாள். வலிக்கவில்லை. ஊசியை வாயில் கவ்விக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். விழித்ததும் விலாவைத் தடவிப் பார்த்தேன், கண்ணில் ஈரம் இருந்தது.

நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. ஆறாவது வாரத்தில் நாடா அங்கேயே நின்றது. ஏழாவது வாரமும் நாற்பத்தொன்று. எட்டிலும் அதே. அக்கா முப்பத்தேழரை.

"திருட்டுத்தனமா எதையாவது திங்கிறியாடா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாப்பாட்டு நோட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். "பாரு! ஒரு வாய் விடாம எழுதியிருக்கேன். இதுல எங்கேயாவது மாவு இருக்கா?"

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பொய்யில்லை என்று அவளுக்கே தெரிந்தது. யோசித்தபடி கேட்டாள்: "சரி, மாவுல உப்பு சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வாயில போட்டுப் பார்ப்பேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

எங்கள் தொழிலில் அப்படித்தான். பிசைந்த ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு கிள்ளு பச்சை மாவை நாக்கில் வைக்க வேண்டும். வெந்து வந்ததும் முதல் ரொட்டியின் ஓரத்தை மாஸ்டர்தான் சூடாகப் பிய்த்துத் தின்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினான்கு ஈடு. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். அது வேலை. வேலையைப் போய் யாராவது சாப்பாட்டு நோட்டில் எழுதுவார்களா?

"நாளைக்கு வாயில போட வேண்டியதையெல்லாம் ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு வா," என்றாள்.

எடுத்து வந்தேன். மூடியைத் திறந்து மேசையில் கொட்டினாள். துண்டுகளைச் சேர்த்துக் குவித்தால் ஒரு முழு ரொட்டி, மேலே அரை ரொட்டி. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ தடம் மாறி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் அக்காவின் நாட்களை நான் கிள்ளிக் கிள்ளித் தின்றிருக்கிறேன் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது. இன்னும் நாலே வாரம்.

மறுநாளிலிருந்து நாக்கை மூட்டை கட்டினேன். கையையும் மூக்கையும் நம்பினேன். மூன்றாம் நாளே மானம் போயிற்று. வெயிலில் பறந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு ஈட்டுக்கு உப்பே போடவில்லை. உப்பில்லாத மாவு கையில் பிசுபிசுக்கும், அவசரமாகப் பொங்கும். அதுகூட என் கவனத்தில் படவில்லை. நாற்பது ரொட்டிகளும் மதியத்துக்குள் திரும்பி வந்தன.

முதலாளி ஒன்றைப் பிய்த்து மென்று, முகத்தைச் சுளித்தார். "ருசி பார்க்காத மாஸ்டரை வச்சு நான் என்ன பண்றது? ஒரு கிள்ளு தின்னா செத்தா போயிடுவீங்க?"

"நான் சாக மாட்டேன் முதலாளி," என்றேன்.

அவருக்கு அக்காவைத் தெரியும். அவர் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துத் தந்தவளே அவள்தான். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலமே அடுப்படி அண்ணன் பதினான்கு கிண்ணங்களில் உப்பை நிறுத்து வரிசையாக வைத்தார். கிண்ணம் காலியானால் உப்பு விழுந்தது என்று அர்த்தம். இவ்வளவு சுலபமான விஷயத்தை இருபத்தாறு வருஷமாக நாக்கால் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி வந்த ரொட்டியில் ஒன்றை ஏனென்று தெரியாமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அக்கா அதை முகர்ந்து பார்த்தாள்.

"உப்பே போடலியா?"

"மறந்துட்டேன்."

"சுத்தமா?"

"ஒரு கல்லுகூட இல்லை."

அவள் மெதுவாக ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தாள். ஏழு மாதமாக என் கைரொட்டி அவளுக்கு ஆகாது. கண்ணை மூடி மென்றாள். ஜன்னலில் மஞ்சள் வெயில் நின்றது, மெஷின் மேல் யாருடைய சட்டையோ பாதி தைத்தபடி கிடந்தது. ஊரே துப்பிய ரொட்டியை என் அக்கா துண்டு துண்டாகத் தின்று முடித்தாள். எனக்குப் பசிக்கவே இல்லை. அன்றிலிருந்து கடைசி ஈட்டில் ஒரே ஒரு ரொட்டியை உப்பில்லாமல் தனியாகப் போட்டேன்.

பதினோராவது வாரம் நாடாவை எனக்குச் சுற்றினாள். முப்பத்தெட்டு. தனக்குச் சுற்றினாள். முப்பத்தெட்டு. காலண்டரில் இரண்டையும் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரே அளவுடா," என்றாள். "இனி உன் சட்டையை நானே போட்டுக்கலாம்."

நான் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை. எனக்குப் பயமா இருக்குக்கா என்றேன். எனக்கும்தான் என்றாள்.

பன்னிரண்டாம் வாரம் டாக்டரம்மா புதிய படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தேதி குறிச்சிடலாம்," என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. இரண்டு பேருக்கும் தழும்பு ஆறிவிட்டது. அவள் வயிறு வடிந்துவிட்டது, ஓரளவு உப்பும் சேர்த்துக்கொள்ளலாம். மாவு இல்லாத சாப்பாடு எனக்குப் பழகிப்போய், டாக்டரம்மா போதும் என்று சொன்ன பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. சனிக்கிழமைகளில் அக்கா பேக்கரிக்கு வந்து ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருவாள். முதல் ரொட்டியின் ஓரத்தை நான் பிய்த்து அவளிடம்தான் கொடுப்பேன்.

போன வாரம் தின்றுவிட்டு, "உப்பு சரியா இருக்கு," என்றாள். பிறகு மறுபடி கையை நீட்டினாள்.

"ருசி பார்க்க ஒரு துண்டு போதும்க்கா."

"அது எனக்கு," என்று இன்னொரு துண்டைத் தானே பிய்த்தாள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டாள். "இது உனக்குடா."