ஒண்ணா, ரெண்டா?

கண்ணாடிக்காரருக்கும் சங்கீதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கூட்டமாகப் பாடும்போது, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்பா" என்று வாத்தியார் அவரிடம் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அன்று மூடிய வாய் அறுபத்தொரு வயது வரை திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடி செய்வது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. கண்ணைச் சோதிப்பார், லென்ஸைத் தேய்ப்பார், ஃபிரேமில் பொருத்துவார். கண்ணுக்கு உழைக்கிறவனுக்குக் காது எதற்கு என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர்தான் இப்போது மகளின் பழைய கீபோர்டைப் பீரோ மேலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டது போனில்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. உயிரைக் காப்பாற்றிய டாக்டர் குரல்வளையை எடுத்துவிட்டார். உயிர் தங்கியதே பெரிது என்று கண்ணாடிக்காரர் தினமும் காலையில் கைகூப்புகிறவர்தான், அதில் பொய் இல்லை. மனைவி இப்போது கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். சின்னச் சின்ன வார்த்தைகளை உதட்டசைவிலேயே சொல்லிவிடுவாள். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவருக்கு அது புரியாமலா போகும்?

தூர ஊரில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போனில் அழமாட்டாத குறையாகப் பேசினாள். "ராவும் பகலும் தூங்க மாட்டேங்குறாப்பா. அம்மா எனக்குப் பாடுவாங்களே, அந்தப் பாட்டு மட்டும் இப்ப..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் கண்ணாடிக்காரர் வாயை விட்டார். "அதுக்கென்ன, நீ அடுத்த மாசம் வர்றப்ப நான் வாசிக்கிறேன். எனக்குத் தெரியும் அந்தப் பாட்டு."

"நீங்களா?" என்று மகள் சிரித்தாள். அழப்போனவள் சிரித்ததில் அவருக்கு ஒரு திருப்தி. திரும்பினால் மனைவி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கேலியாக ஏதோ எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தார்.

'குழந்தைக்கு என் குரல் தெரியாமலே போயிடும்' என்று எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு கீபோர்டை இறக்காமல் இருக்க முடியுமா?

பாட்டு என்னவோ நாலே வரிதான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி தானாகக் கட்டியது. மத்தியான வேளைகளில் உள்ளறையில் மடியில் போட்டுக்கொண்டு பாடுவாள்.

கண்ணாடிக்குள்ள யாரு,
கண்ணை மூடிப் பாரு,
அப்பா வேலை செய்யுறாரு,
தூங்கு, தூங்கு...

கடைசியில் நீளமாக ஒரு 'ம்ம்ம்' வரும். அதிலேதான் குழந்தை அடங்கும். இதை யாரும் பதிவு செய்யவில்லை. போனை நீட்டினாலே, "என் அபசுரத்தையெல்லாம் எதுக்குப் பிடிச்சு வைக்கிறீங்க" என்று வாயைப் பொத்திக்கொள்வாள். ஆக, பாட்டு இருந்த இடம் இரண்டே இரண்டு. ஒன்று, குரல் போனவளின் நினைவு. இன்னொன்று, காது இல்லாதவரின் காது.

கடையைச் சாத்திய பிறகு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கட்டைகளை அமுக்குவார். மனைவி பின்னால் நாற்காலியில் இருப்பாள். முதல் நாள் வந்த சத்தத்தைக் கேட்டு அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். 'தண்ணி லாரி பின்னால வர்ற மாதிரி இருக்கு' என்று எழுதிக் காட்டினாள். பாதகமில்லை. அவள் சிரித்து அவர் பார்த்தே வெகுநாளாகியிருந்தது.

இரண்டாம் நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதானே. கண் சோதிக்கும்போது ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "எது தெளிவாத் தெரியுது? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பார். வந்தவருக்கு ஆங்கிலமும் தெரிய வேண்டாம், அளவும் தெரிய வேண்டாம். விரலைக் காட்டினால் போதும். அப்படியே ஒவ்வொரு லென்ஸாகக் கழித்துக்கொண்டு போனால் கடைசியில் கண்ணுக்கு ஏற்றது தானாக வந்து நிற்கும்.

அதே மாதிரி ஒரு கட்டையை அமுக்கினார். பிறகு பக்கத்துக் கட்டையை அமுக்கினார்.

"ஒண்ணா, ரெண்டா?"

மனைவி இரண்டு விரலைக் காட்டினாள். லென்ஸில் புள்ளி வைக்கும் பேனாவை எடுத்து அந்தக் கட்டையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். 'க' கிடைத்தது. அடுத்து 'ண்ணா'.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். முதல் வரிக்கு நான்கு நாள் ஆனது. இரண்டாவதற்கு மூன்று நாள். மூன்றாவது வரி வரும்போது அவரே இரண்டு கட்டைகளை அமுக்கிவிட்டு, அவள் விரல் எழும்புமுன், "ரெண்டுதானே?" என்றார். அவள் நோட்டை எடுத்து, 'உங்களுக்கும் காது இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. இத்தனை வருஷமா நான் கூப்பிட்டப்ப எங்க போச்சு?' என்று எழுதினாள். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் சங்கீதத்துக்காக அவர் வாங்கிய ஒரே சர்டிபிகேட் அது.

தூங்கு, தூங்கு வரை வந்தாயிற்று. மிச்சம் அந்தக் கடைசி 'ம்ம்ம்'.

அங்கேதான் முட்டிக்கொண்டது. ஒரு கட்டையை அமுக்கினார், அடுத்ததை அமுக்கினார். ஒண்ணா, ரெண்டா? விரலே எழும்பவில்லை. அவள் தலையை ஆட்டினாள். இன்னும் இரண்டு கட்டைகள். அதற்கும் தலையாட்டல். ஒரு வாரத்தில் அந்தக் கீபோர்டில் அவர் அமுக்காத கட்டை ஒன்றுகூட இல்லை. அந்தச் சுரம் அவருக்கே நன்றாக நினைவிருந்தது, அதை அமுக்கியும் காட்டினார். அதற்கும் இல்லை என்றாள்.

"பின்ன எதும்மா? நீதானே பாடினே?" என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டுவிட்டார்.

அவள் நோட்டை எடுத்தாள். பிறகு எழுதினாள். 'தெரியலைங்க. இதுல எதுவும் இல்ல. என் பாட்டு எனக்கே மறந்துபோச்சா?'

குரலை எடுத்தபோதுகூட அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. இப்போது வந்தது. தேவையில்லாமல் கீபோர்டை இறக்கி, இருந்ததையும் பிடுங்கிவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டார். மகள் வர எட்டு நாள்தான் இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் கீபோர்டுப் பக்கமே இருவரும் போகவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த நாள் முதல் கண்ணாடிக்காரர் லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓட்டவில்லை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய மெஷின் அது. கல் சுற்ற ஆரம்பித்தால் வீடு முழுக்க 'ம்' என்று இரையும். உடம்பு சரியில்லாதவள் ஓய்வெடுக்கட்டும் என்று, தெருமுனையில் இருந்த இன்னொரு கடைக்காரரிடம் லென்ஸ்களைக் கொடுத்துத் தேய்த்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை அவள், 'வீடு ரொம்ப அமைதியா இருக்கு' என்று எழுதினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து இவர், "இருக்கட்டும்மா, இது என் கடமை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஆண்பிள்ளைகளின் புத்தி சில நேரம் அப்படித்தான் வேலை செய்யும்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு பஸ் டிரைவர் ஓடி வந்தார். கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்திருந்தது. "நாலரைக்கு வண்டி எடுக்கணும் அண்ணே. கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல வர்றது பஸ்ஸா மாடான்னு தெரியாது. ஜனங்க உசிரு உங்க கையில." தெருமுனைக் கடைக்காரரோ காய்ச்சலில் படுத்திருந்தார். வேறு வழியில்லை.

"இந்தாம்மா, கொஞ்ச நேரம் மெஷினைப் போடுறேன். பொறுத்துக்கோ" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினார். ஆறு மாதத் தூக்கம் கலைந்த மெஷின் இரண்டு முறை இருமி, பிறகு தன் பழைய இரைச்சலுக்கு வந்தது. லென்ஸைக் கையில் எடுத்தவர் தற்செயலாக மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். ஃபிரேம் போட்டு முகம் பார்ப்பதற்காக வைத்திருந்த கண்ணாடி அது. அதில் உள்ளறை தெரிந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக்குள்ள யாரு.

அவர் லென்ஸைக் கல்லில் வைக்காமல் அப்படியே நின்றார். கண்ணை மூடிப் பாரு. அப்பா வேலை செய்யுறாரு. சத்தமில்லாத அந்த உதட்டோடு அவர் காது கூடவே போனது. தூங்கு. தூங்கு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வாய் மூடிவிட்டது. பாட்டு முடியவில்லை. 'ம்ம்ம்' என்று அது நடந்துகொண்டே இருந்தது, அவர் கைக்குக் கீழே, மெஷினுக்குள்.

முப்பது வருடமாக அவள் பாடியதாக அவர் நினைத்திருந்த அந்தக் கடைசிச் சுரத்தை அவள் ஒரு நாளும் பாடியதில்லை. அவள் இரண்டு 'தூங்கு'வோடு நிறுத்திக்கொள்வாள். மிச்சத்தை மெஷின் சொல்லும். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தனக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற ஒன்றை யார் கவனிக்கிறார்கள்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் வெண்ணெயைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு அல்லவா அலைந்திருக்கிறார்கள்?

"என்ன அண்ணே, ஏதாவது ரிப்பேரா?" என்றார் டிரைவர்.

"ஒரு நிமிஷம் இருப்பா" என்று மெஷினை நிறுத்தினார். உள்ளே அவள் உதடு நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் உள்ளறை வாசற்படியில் போய் நின்றார்.

"இது ஒண்ணு" என்றார். வீடு அமைதியாக இருந்தது. பிறகு திரும்பிப் போய் சுவிட்சைத் தட்டினார். 'ம்' என்று மெஷின் எழுந்தது. "இது ரெண்டு. எது?"

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். காட்டிய கையை இறக்கவே இல்லை.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நாலரைக்கு வண்டியை எடுத்துவிட்டார். அந்த டிரைவர் எந்த வேளையில் கண்ணாடியைக் கீழே போட்டாரோ, அந்த வேளை நன்றாக இருக்கட்டும் என்று கண்ணாடிக்காரர் மனதார வாழ்த்தினார். புதுக் கண்ணாடிக்குக் காசு வாங்கவும் மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மெஷினை ஓடவிட்டுக் கீபோர்டில் உட்கார்ந்தார். முதல் வரியிலேயே ஏதோ உரசியது. பாட்டு ஒரு பக்கமும் மெஷின் ஒரு பக்கமுமாக இழுத்தன. அவர் யாரையும் கேட்கவில்லை. கையை இரண்டு கட்டை தள்ளி வைத்து மறுபடி ஆரம்பித்தார். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. திரும்பிப் பார்த்தால் மனைவி புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தாள். பழைய புள்ளிகளைத் துடைத்துவிட்டுப் புதுப் புள்ளிகள் வைத்தார்.

மகள் சொன்ன நாளில் குழந்தையோடு வந்து இறங்கினாள். மத்தியானம் குழந்தை அழ ஆரம்பித்ததும் கண்ணாடிக்காரர் மெஷினைப் போட்டார். "என்னப்பா இது, இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவா?" என்றாள் மகள்.

"நீ தூங்கலையா? நான் பாவம்னு நிறுத்தினாத்தான் எழுந்து ஊரைக் கூட்டுவே" என்றார்.

மனைவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். அவர் இந்த முறை சுவரைப் பார்க்காமல், கீபோர்டைத் திருப்பி அவள் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். அவள் உதட்டை அசைத்தாள். அவர் விரல் அதோடு போனது. வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று வாத்தியார் சொன்னது ஏனோ ஞாபகம் வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, பாட்டியின் உதட்டையே பார்த்தது.

தூங்கு. தூங்கு.

அவர் கையை எடுத்துக்கொண்டார். மெஷின் 'ம்ம்ம்' என்றது. ஐந்தாவது முறை பாடும்போது குழந்தையின் கண் சொருகியது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த 'ம்ம்ம்' அம்மா இல்லையா? இது நம்ம மெஷினா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "தூங்கிட்டா. நிறுத்திடவா?" என்று எழுந்தாள். மனைவி பதறிக் கையைக் காட்டி, வேண்டாம் என்று உதட்டை அசைத்தாள்.

பிறகு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி ஜாடை காட்டினாள். கண்ணாடிக்காரர் எடுத்துக் கொடுத்தார். மடியில் குழந்தை இருந்ததால் ஒரு கையால் பக்கங்களைத் தள்ளி, போன் வந்த அன்று எழுதிய வரியைத் தேடிப் பிடித்தாள். குழந்தைக்கு என் குரல் தெரியாமலே போயிடும். அந்தத் தாளை விரலால் தட்டி, கிழித்துவிடும்படி அவரிடம் நீட்டினாள்.

இத்தனை வருடம் தன் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தார். அவள் அதன்மேல் அல்லவா பாடியிருக்கிறாள். குழந்தை எழுந்துவிடாமல் அந்தத் தாளை மெதுவாகக் கிழித்தார். கிழிந்த சத்தம் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.