பாதியாவது மருந்து

பள்ளிச் சீருடைக் கடையில் ஊரார் இடுப்பளவையெல்லாம் வாய் கூசாமல் சத்தமாகச் சொல்லி எழுதுகிற தையல்காரி, தன் இடுப்புக்கு மட்டும் டேப்பைக் காட்டியது கிடையாது. குண்டுதான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

"வயிறு பூரா சோறு. புள்ள எங்க போய்ப் படுக்கும்?" என்றாள் நாத்தனார்.

"உங்க வாயில நிறைய எடம் இருக்கே அண்ணி."

பதில் சொல்ல அவளுக்குத் தெரியும். ஆனால் போன தடவை தைத்து வைத்த நாலு குட்டிச் சட்டைகள் பீரோவில் கிடந்தன. எட்டாம் மாதத்தில் துடிப்பு நின்றுபோன பிள்ளைக்குத் தைத்தவை. இன்னும் புதுத்துணி வாசனை போகவில்லை. எடுத்து எடுத்து முகர்வாள்.

இந்தத் தடவை ஐந்தாம் மாதத்தில் டாக்டரம்மா விளக்கினார். எடை கூடிய தாயின் உடம்பில் ஆக்சிஜனேற்றம் அளவு மீறிப் போகும். இரும்பில் துரு ஏறுவதுபோல நஞ்சுக்கொடியில் சேதம் ஏறும். பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையலாம். அதைத் தடுக்கும் சத்துகளை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது. சேர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஆனால் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது.

கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு, நீ நிஜம்தானா என்று கேட்பதே வேலையாகிப் போனது.

எடை பார்க்கும் வரிசையில் தபால்காரி பழக்கமானாள். அதே எடை, அதே ஆராய்ச்சி, அதே ஏக்கம்.

"எனக்கு நிச்சயமா டம்மிதான். குலுக்கல்ல ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழுந்ததில்ல எனக்கு."

"எனக்கு மட்டும் விழுந்துடுமாக்கும்?"

"ஒண்ணு பண்ணுவோமா தையலு? ரெண்டு டப்பாவையும் கொட்டிக் கலந்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். ரெண்டு புள்ளைக்கும் பாதியாவது மருந்து போகும்ல?"

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தையல்காரியின் மடியில் கொட்டினார்கள். தன் டப்பாவில் இருப்பது நிஜ மருந்தாக இருந்தால்? அவள் கை ஒரு நொடி நின்றது. தபால்காரியின் வயிற்றைப் பார்த்தாள். கலந்துவிட்டாள்.

மாதாமாதம் இப்படியே போனது. எட்டாம் மாதத்தில் அகப்பட்டார்கள். டப்பாவை மாற்றி எடுத்துப்போனதுதான் வினை. தையல்காரியின் எண் முப்பத்து நாலு. திருப்பிக் கொடுக்க அவள் நீட்டிய காலி டப்பாவில் முப்பத்தொன்று.

"இது யாரோடது?" என்றாள் நர்ஸ்.

உண்மையைச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். போன பிள்ளை போன அதே மாதத்தில் ஸ்கேனும் போய்விடும். ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே.

"ரெண்டையும் கலந்து சாப்பிட்டோம். உங்களுக்கு இது நம்பரு. எங்களுக்குப் புள்ளைங்க."

"அடிப்பாவிகளா!" நர்ஸ் நாற்காலியில் சாய்ந்தாள். "அந்த மருந்து நல்லது பண்ணுமான்னு யாருக்குத் தெரியும்? பெரிய டாக்டருக்கே தெரியாது. தெரியாமத்தானே சோதிச்சுப் பாக்கறோம்?"

"அப்ப நிஜ மாத்திரையும்..."

"பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இனி ரெண்டு பேருக்கும் மாத்திரை கிடையாது. டாக்டர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். ஸ்கேன் நிக்காது, பயப்படாதீங்க. இப்ப படுங்க, துடிப்பு பாக்கலாம்."

மூன்று மாதம் ஏங்கியது எவர் கையிலும் இல்லாத ஓர் உறுதிக்கு. அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. படுத்தாள்.

நர்ஸ் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினாள். சத்தமில்லை.

"கொழுப்பு தடிமனா இருக்குல்ல, தேட நேரமாகும்."

போன தடவையும் ஒருத்தி இதையேதான் சொன்னாள். தையல்காரி கண்ணை மூடவில்லை. நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி இடப்பக்கம் இறங்கி அழுந்தியது.

டபடபவென்று வந்தது, பஸ் பிடிக்க ஓடுகிற ஆள் மாதிரி.

நர்ஸ் எண்ணி எழுதிவிட்டுக் கருவியை எடுக்கப் போனாள். தையல்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."